எக்ஸ்ரே நார்மல் என்றால் எலும்பில் கிருமி இல்லை என்று அர்த்தமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஆறு வயது மகன் பள்ளி மைதானத்தில் விழுந்திருக்கிறான். தோல் கூட உரியவில்லை. இரண்டு நாள் கழித்து 103 டிகிரி காய்ச்சல், வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலி, காலை ஊன்றச் சொன்னால் அழுகிறான். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 140. பார்த்த டாக்டர், எலும்பில் கிருமித் தொற்றாக இருக்கலாம், இன்றே சேருங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், சீழ் இருந்தால் ஆபரேஷன், அப்புறம் வாரக்கணக்கில் மருந்து என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் இது வெறும் சுளுக்கு என்கிறார்கள். "காயமே இல்லாமல் எலும்புக்குள் கிருமி எப்படிப் போகும், எக்ஸ்ரே நன்றாக இருக்கும்போது ஆபரேஷன் எதற்கு, பிற்காலத்தில் கால் குட்டையாகிவிடுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: டாக்டர் பெரிதுபடுத்துகிறாரா, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொறுக்க வேண்டாம். இதைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. பையனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வார்டில் உட்கார்ந்து மீதியைப் படியுங்கள்.

நான் குழந்தைகளின் எலும்பு, மூட்டுப் பிரச்சினைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறவன். ஆனால் உங்கள் மகனை நான் தொட்டுப் பார்க்கவில்லை. இந்த நோயில் கையால் அழுத்திப் பார்ப்பது பாதி நோயறிதல். அதனால் அவனுக்கு இதுதான் என்று இங்கிருந்தபடி நான் சொல்ல முடியாது. அந்த டாக்டர் சந்தேகப்பட்டது சரியா என்று மட்டும் சொல்லலாம். முழுக்கச் சரி. காய்ச்சலோடு ஒரு குழந்தை ஒரு காலையோ கையையோ பயன்படுத்த மறுத்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அதை எலும்பு அல்லது மூட்டுத் தொற்றாகவே கருத வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்களும் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

காயம் இல்லாமல் கிருமி எப்படிப் போகும் என்பது நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கு எலும்பில் தொற்று வந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து வழி இருக்கும்: விபத்தில் எலும்பு வெளியே வந்த முறிவு, சர்க்கரை நோயில் காலில் ஆறாத புண், ஆபரேஷனில் வைத்த தகடு. குழந்தைகளுக்கு அப்படியல்ல. அவர்களுக்கு இது ரத்தம் வழியாக வருகிறது. பல் துலக்கும்போதும், சொறிந்த கொசுக்கடியிலிருந்தும், மூக்கின் உட்புறத்திலிருந்தும் அவ்வப்போது சில கிருமிகள் ரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கின்றன. பெரும்பாலும் உடம்பு அவற்றைச் சில நிமிடங்களில் துடைத்துவிடும். வளரும் எலும்பில் மட்டும் ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. நீள எலும்பின் முனையில், எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டுக்குச் சற்று உள்ளே, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கொண்டை ஊசிபோல வளைந்து திரும்புகின்றன. அந்த இடத்தில் ரத்தம் மெதுவாக ஓடும், கிருமியை விழுங்கும் செல்களும் குறைவு. அங்கே ஒதுங்கும் கிருமிக்குப் பெருகுவதற்கு நேரம் கிடைக்கிறது. வளர்ச்சி வேகமாக உள்ள முனைகளில்தான் இது அதிகம். அதனால் தொடை எலும்பின் கீழ்முனையும் முன்னங்கால் எலும்பின் மேல்முனையும், அதாவது முழங்காலின் இரு பக்கங்களும், முதலிடத்தில் நிற்கின்றன. உங்கள் மகனுக்கு வலிக்கும் இடம் இதில் அப்படியே பொருந்துகிறது. நோய் வரும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சுமார் இரண்டு மடங்கு.

விழுந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இங்கே எனக்கு உறுதி குறைவு. சுமார் மூன்றில் ஒரு பங்கு பெற்றோர் சமீபத்தில் ஒரு அடியோ விழுதலோ நடந்ததாகச் சொல்கிறார்கள். 1980களில் முயல்களில் செய்த ஆய்வுகளில், ரத்தத்தில் கிருமியைச் செலுத்தி வளர்ச்சித் தட்டின் அருகே அடிபடச் செய்தபோது, அடிபட்ட இடத்திலேயே தொற்று பிடித்தது. எலும்புக்குள் சின்ன ரத்தக் கசிவு ஏற்பட்டு அது கிருமிக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்பது நம்பத்தகுந்த விளக்கம். ஆனால் ஆறு வயதுப் பையன் எந்த வாரம்தான் விழாமல் இருந்தான்? விழுந்தது தற்செயலாகவும் இருக்கலாம். எப்படியானாலும் நீங்கள் கவனிக்காமல் விட்டதால் வந்தது அல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிற நோயும் அல்ல. தம்பி, தங்கையைப் பிரித்து வைக்க வேண்டாம்.

விழுதலால் வரும் பெரிய கெடுதல் வேறு. அது எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது. விழுந்தான், வலிக்கிறது, ஆகவே சுளுக்கு என்று கணக்கு எளிதாக முடிந்துவிடுகிறது. பிள்ளையின் காலில் சூடான எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறார்கள், இல்லையென்றால் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுகிறார்கள். காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் கொடுக்கிறார்கள். நாலைந்து நாள் இப்படிப் போய்விடுகிறது. சாதாரண சுளுக்கு முதல் நாள் அதிகமாக வலிக்கும், மறுநாள் குறையும், காய்ச்சல் வராது. இது தலைகீழ்: முதல் நாள் ஒன்றுமில்லை, பிறகு நாளுக்கு நாள் ஏறுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள். தயவுசெய்து காலை யாரும் உருவ வேண்டாம். உள்ளே சீழ் இருக்கும் எலும்பை அழுத்துவது பிள்ளைக்கு வதை. கிருமியையும் ரத்தத்துக்குள் மேலும் தள்ளக்கூடும்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், அவசரம் ஏன் என்பது புரியும். எலும்பு விரியாது. தசையில் சீழ் பிடித்தால் அது வீங்கி இடம் எடுத்துக்கொள்ளும். எலும்புக்குள் பிடித்தால் அழுத்தம்தான் ஏறும். அந்த அழுத்தம் நுண்குழாய்களை நசுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. வழி தேடும் சீழ் எலும்பின் மெல்லிய வெளிச்சுவரைத் துளைத்து வெளியே வந்து, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வை மேலே தூக்குகிறது. எலும்புக்கு வெளிப்பக்கத்திலிருந்து வரும் ரத்தமும் அந்தச் சவ்வு வழியாகத்தான். உள்ளேயும் வெளியேயும் ரத்தம் நின்றுபோனால் அந்த எலும்புத் துண்டு செத்துவிடும். செத்த எலும்புக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. கிருமி அதற்குள் வருடக்கணக்கில் குடியிருக்கும். தோலில் ஓட்டை போட்டுச் சீழ் வடிந்துகொண்டே இருக்கும், ஒன்றுக்கு மேல் ஆபரேஷன், எலும்பு தானாக முறிவது என்று அது வேறு ஒரு வாழ்க்கை. அந்த நிலையில் வரும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறோம். முதல் சில நாட்களிலேயே சரியான மருந்து கிடைத்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இது நேர்வதில்லை. பெனிசிலின் புழக்கத்துக்கு வரும் முன், 1940களுக்கு முன்னால், இந்த நோய் வந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இறந்தன. இப்போது நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் மரணம் மிக அபூர்வம்.

இனி எக்ஸ்ரே. எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்காவது, சில சமயம் பாதி, கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும். அதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். முதல் வாரத்தில் எக்ஸ்ரே நார்மலாக இருப்பதுதான் எதிர்பார்க்கப்படும் விஷயம்; மிஞ்சினால் எலும்பைச் சுற்றியுள்ள தசை சற்று வீங்கியிருப்பது தெரியலாம். அப்படியானால் எதற்கு எடுத்தார்கள்? முறிவு இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்க்கவும், பின்னால் ஒப்பிட ஒரு முதல் படம் கையில் இருக்கவும். எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருப்பது தெரியும்வரை காத்திருந்து மருத்துவம் தொடங்குவது, தடுக்க நினைத்த சேதத்தை வரவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான்.

சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி மூண்டதும் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். தொற்று தொடங்கிய ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். நோய் அடங்கினால் அதே வேகத்தில் இறங்கும். அதனால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். மந்தமானது, இறங்க மூன்று நான்கு வாரம் எடுக்கும், ஆகவே ஒரு வாரம் கழித்து அது இன்னும் அதிகமாக இருந்தால் பதற வேண்டாம். ஒரு சின்ன எச்சரிக்கை: சில லேப்களில் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு இவ்வளவு மில்லிகிராம் என்றும், சிலவற்றில் டெசிலிட்டருக்கு இவ்வளவு என்றும் தருகிறார்கள். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். லேப் மாற்றினால் 140 என்பது மறுநாள் 14 ஆகிவிட்டதே என்று சந்தோஷப்படும் முன் அலகைப் பாருங்கள். இன்னொன்று, வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை இந்த நோயில் நார்மலாக இருப்பது மிகச் சகஜம். அது நார்மல் என்பதை வைத்து யாரும் உங்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கல்ச்சர். ஆன்டிபயாடிக் ஊசியின் முதல் டோஸ் போகும் முன் ரத்தம் எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க அனுப்ப வேண்டும். ரத்தத்தில் மட்டும் தேடினால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப்பேரிடம்தான் கிருமி கிடைக்கும். எலும்பிலிருந்தோ சீழிலிருந்தோ ஊசியால் உறிஞ்சி எடுத்ததையும் சேர்த்து அனுப்பினால் வாய்ப்பு கூடும். வரும் வாரங்கள் எல்லாம் என்ன மருந்து கொடுப்பது என்பதை அந்த ஒரு தாள்தான் தீர்மானிக்கப் போகிறது. இரண்டு நாள் அரைகுறையாக ஆன்டிபயாடிக் சிரப் குடித்துவிட்டு வரும் குழந்தையிடம் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருக்கும், கல்ச்சரில் ஒன்றும் வளராது, எலும்புக்குள் மட்டும் நோய் அப்படியே இருக்கும். நீங்கள் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். யாரும் திட்டினால் திட்டட்டும். அதே நேரம், குழந்தை மிகவும் சோர்ந்து, மூச்சு வேகமாகி, கை கால் சில்லிட்டிருந்தால் எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், அதுதான் சரி.

எம்.ஆர்.ஐ. பற்றி. நோய் தொடங்கிய ஓரிரு நாளிலேயே எலும்பு மஜ்ஜையில் ஏற்படும் மாற்றத்தைக் காட்டும் பரிசோதனை அதுதான். சீழ் இருக்கிறதா, எவ்வளவு, எந்தப் பக்கம், வளர்ச்சித் தட்டைத் தாண்டியிருக்கிறதா, பக்கத்து மூட்டுக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை எல்லாம் சொல்லிவிடும். கதிர்வீச்சு கிடையாது. ஆறு வயதுக் குழந்தை அரை மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் படுக்காது என்பதால் தூக்க மருந்தோ மயக்க மருந்தோ தேவைப்படலாம். அதற்குச் சில மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், எப்போதிலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் எம்.ஆர்.ஐ. இல்லையென்றால் அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. நல்ல கை தேர்ந்தவர் செய்யும் அல்ட்ராசவுண்டில் எலும்பின் மேல் தேங்கிய சீழ் தெரியும். தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல, தெரிந்தால் பெரும்பாலும் உண்டு.

இது எலும்புத் தொற்றாகவே இல்லாமலும் போகலாம். பக்கத்து மூட்டுக்குள் சீழ், தசைக்குள் சீழ் ஆகிய இரண்டும் இதே மாதிரி வரும். குறிப்பாக இடுப்பு மூட்டில் சீழ் பிடித்த குழந்தை சில சமயம் முழங்கால்தான் வலிக்கிறது என்று காட்டும், அதனால் இடுப்பை அசைத்துப் பார்க்காமல் முழங்காலை மட்டும் பார்ப்பது போதாது. இடுப்பு மூட்டில் சீழ் என்றால் மணிக்கணக்கில் அவசரம், இரவானாலும் திறக்க வேண்டும். ரத்தப் புற்றுநோயும் யூவிங் சார்கோமா என்ற எலும்புக் கட்டியும் காய்ச்சல், எலும்பு வலி, உயர்ந்த இ.எஸ்.ஆர். என்று அச்சாக இதே வேஷத்தில் வந்து நிற்கும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, அவை இதைவிட அபூர்வம். ஆனால் இதனால்தான் ஆபரேஷனில் எடுக்கும் சீழையும் திசுவையும் கல்ச்சருக்கு மட்டுமல்லாமல், நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கும் அனுப்புகிறோம். "பயாப்ஸி" என்ற வார்த்தையைத் தாளில் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருக்கும் பெற்றோர் உண்டு, அதற்காகவே எழுதுகிறேன். நம் நாட்டில் காசநோயையும் மறக்க முடியாது. அது மெதுவாக, வாரங்களாக மாதங்களாக வரும், இப்படி மூன்று நாளில் 103 டிகிரி ஏறாது. எதிர்பார்த்தபடி குணமாகவில்லை என்றால் அப்போது அதைத் தேடுவோம்.

கிருமி எது என்பது வயதைப் பொறுத்தது. பெரும்பாலான வயதுகளில் முதல் குற்றவாளி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நம்மில் பலரின் மூக்கிலும் தோலிலும் சாதுவாக இருப்பது. ஆறு மாதம் முதல் நாலு வயது வரை கிங்கெல்லா கிங்கே என்ற கிருமியும் உண்டு. தொண்டையில் வாழ்வது, சாதாரணக் கல்ச்சரில் எளிதில் வளராது, காய்ச்சலும் குறைவு, அதனால் பல இடங்களில் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோயான சிக்கிள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு சால்மோனெல்லா வரும். நீலகிரியில் சில பழங்குடிச் சமூகங்களில் இந்த ரத்தசோகை இருக்கிறது, அங்கே வேலை செய்யும் மருத்துவர்கள் இதை மனதில் வைத்திருப்பார்கள். அம்மை போட்டு ஒரு வாரம் பத்து நாளில் கால் வலியும் காய்ச்சலும் திரும்ப வந்தால், அம்மைக் கொப்புளம் வழியாக நுழைந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணமாக இருக்கலாம். வேப்பிலை கட்டி வீட்டில் வைத்துக்கொள்ளும் நேரம் அல்ல அது.

உங்கள் மகனுக்குச் சம்பந்தமில்லை என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குக் காய்ச்சலே வராமல் எலும்பில் சீழ் பிடிக்கும். ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருக்கும், டயபர் மாற்றும்போது வீறிடும், பால் குடிப்பது குறையும். அவ்வளவுதான் அறிகுறி. குறைப்பிரசவத்தில் பிறந்து ஐ.சி.யூ.வில் இருந்து வந்த குழந்தைகளுக்கு இது அதிகம். ஒன்றரை வயது வரை சில ரத்தக் குழாய்கள் வளர்ச்சித் தட்டைத் தாண்டிப் போவதால் தொற்று மூட்டுக்குள் சுலபமாக இறங்கிவிடும். வயதுக்கு வயது நோய் ஏன் வேறுபடுகிறது என்பதை இந்த ரத்தக் குழாய் அமைப்பை வைத்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜோசப் ட்ரூயெட்டா 1959இல் விளக்கினார். இன்றும் பாடத்தில் அதுதான்.

சிகிச்சைக்கு வருவோம். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை ஸ்டெஃபைலோகாக்கஸை அடக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். க்ளாக்ஸாசிலின், செஃபாசோலின் போன்றவை. வழக்கமான மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகை என்ற சந்தேகம் இருந்தாலோ குழந்தை மோசமாக இருந்தாலோ வான்கோமைசின். முன்பெல்லாம் ஆறு வாரமும் ஊசிதான். மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட இடமில்லாமல் பிள்ளையின் கை முழுக்க ஊதாத் தழும்பாக இருக்கும். அந்த வழக்கத்தை மாற்றியதில் ஃபின்லாந்து மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு. 131 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 20 நாள், இன்னொரு பிரிவுக்கு 30 நாள் மருந்து கொடுத்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும் முதல் இரண்டு முதல் நாலு நாள் மட்டும்தான் நரம்பு வழி, மீதி வாய் வழி, அதுவும் வழக்கத்தைவிட அதிக அளவில். குணமானதில் வித்தியாசமே இல்லை. 2021இல் அமெரிக்காவின் இரண்டு தொற்றுநோய் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் சிக்கலில்லாத நோய்க்கு மூன்று நான்கு வாரம் போதும், காய்ச்சலும் வலியும் தணிந்து சி.ஆர்.பி. இறங்கத் தொடங்கினால் வாய் மருந்துக்கு மாறலாம் என்கிறது.

இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் போய் "20 நாள் போதுமாமே" என்று சண்டை போட வேண்டாம். அந்த ஃபின்லாந்துக் குழந்தைகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லை, கிருமி இன்னதென்று உறுதியான குழந்தைகளை மட்டும்தான் சேர்த்தார்கள். நம் மருத்துவமனைகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. குறைவில்லை, குழந்தைகள் வருவதும் தாமதம். எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால், அல்லது சீழ் நிறைய இருந்தால், நாலு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல் கொடுக்கிறோம். சரியாக எத்தனை நாள் என்பதற்கு அந்த வகை நோயில் நல்ல ஒப்பீட்டு ஆய்வு கிடையாது; அனுபவத்தையும் பயத்தையும் கலந்து முடிவு செய்கிறோம் என்பதுதான் உண்மை. வாய் மருந்துக்கு மாறிய பிறகு மாத்திரை அளவு அதிகமாகத் தெரிந்தாலும் குறைக்காதீர்கள், ஒரு வேளை கூட விடாதீர்கள். க்ளிண்டமைசின் என்றால் மகா கசப்பு, எதில் கலந்து கொடுக்கலாம் என்று நர்ஸைக் கேளுங்கள். லினிசோலிட் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் போகும்போது ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் எல்லோருக்கும் தேவையில்லை. இரண்டு மூன்று நாளிலேயே வந்து, ஸ்கேனில் சீழ் தேங்காமல் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் மருந்திலேயே குணமாகிறார்கள். சவ்வுக்கு அடியில் சீழ் தேங்கியிருந்தால், மூட்டுக்குள் இறங்கியிருந்தால், அல்லது சரியான மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரம் ஆகியும் காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் இறங்காவிட்டால் திறக்கிறோம். திறப்பது என்றால் சில சென்டிமீட்டர் வெட்டு, சீழை வெளியேற்றி உப்புநீரால் கழுவுவது, ஒரு வடிகுழாய் வைப்பது. எலும்பில் துளை போட வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிலர் எப்போதும் போடுவார்கள், நான் உள்ளே சீழ் இருக்கிறது என்று படம் காட்டினால் மட்டும் போடுகிற கட்சி. எத்தனை மில்லி சீழ் இருந்தால் திறக்க வேண்டும் என்பதற்கும் எழுதிவைத்த கோடு கிடையாது. ஆகவே இரண்டு நல்ல மருத்துவர்கள் ஒரே எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து வேறு வேறு சொன்னால் ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "சீழ் எங்கே தேங்கியிருக்கிறது என்று படத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள், காட்டுவார்கள். ஆபரேஷன் நடந்தாலும் நடக்காவிட்டாலும் முதலில் கொஞ்ச நாள் காலுக்கு மாவுக்கட்டுப் பட்டை வைப்பார்கள், வலி குறையவும் பலவீனமான எலும்பு முறியாமல் இருக்கவும்.

செலவு பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவும் எலும்புப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, இந்த நோய்க்கு அது பெரிய வசதி. தயங்காமல் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும்போதே காப்பீட்டுப் பிரிவில் காட்டி, எது அதில் வரும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள்: முட்டை கூடாது, மீன் கூடாது, கத்தரிக்காய் சேர்த்தால் சீழ் வைக்கும், புளியைத் தொடாதே. நாலு வாரம் பத்தியம் இருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்து எனக்குக் கோபமே வந்திருக்கிறது. சீழ் கிருமியால் வருகிறது, கத்தரிக்காயால் அல்ல. புண் ஆறவும் எலும்பு வளரவும் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால், கடலை எது பிடிக்கிறதோ கொடுங்கள்.

வார்டில் இருக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. மூச்சு வேகமாவது, நெஞ்சு வலி, கால் முழுவதும் திடீரென்று வீங்குவது இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். கடுமையான ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்றில், முக்கியமாக எம்.ஆர்.எஸ்.ஏ.யில், பாதிக்கப்பட்ட எலும்புக்குப் பக்கத்து நாளத்தில் ரத்தம் உறைந்து, கிருமியோடு நுரையீரலுக்குப் போகலாம். வேறு ஒரு இடத்தில், தோளிலோ முதுகிலோ, புதிதாக வலி என்று சொன்னாலும் அலட்சியம் வேண்டாம். சில குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எலும்பில் இருக்கும்.

கடைசியாக, கால் குட்டையாகுமா? சீக்கிரம் சிகிச்சை தொடங்கிய, வளர்ச்சித் தட்டு பாதிக்கப்படாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகி ஓடி ஆடுகிறார்கள். ஆபத்து வளர்ச்சித் தட்டு சிதைந்தால்தான். தொடை எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் முழங்கால் பக்கத்து முனையிலிருந்துதான் வளர்கிறது. அங்கே தட்டு முழுவதும் கெட்டால் கால் குட்டையாகும். ஒரு பக்கம் மட்டும் கெட்டால் கால் வளையும். சில சமயம் நேர்மாறாக, ரத்த ஓட்டம் கூடுவதால் அந்தக் கால் சற்று நீளமாகிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவில், செருப்பில் கூடத் தெரியாது. எது நடக்கும் என்று இந்த வாரமோ அடுத்த மாதமோ யாராலும் சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும். ஆகவே மருந்து முடிந்ததும் கதை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். முதல் ஒரு வருடம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் போய் எக்ஸ்ரேயும் கால் அளவும் பாருங்கள், எம்.ஆர்.ஐ.யில் தட்டுக்குச் சேதம் என்று இருந்தால், வளர்ச்சி நிற்கும் வயது வரை வருடத்துக்கு ஒரு முறையாவது. வித்தியாசம் சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சின்ன ஆபரேஷனில் சரிசெய்ய வழிகள் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, கல்ச்சர் ரிப்போர்ட், முதல் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள குறுந்தகடு நான்கையும் ஒரே உறையில் போட்டு, மொபைலிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே காலில் பிற்பாடு எப்போது வலியோ வீக்கமோ காய்ச்சலோ வந்தாலும், பார்க்கிற டாக்டர் முதலில் கேட்பது அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைத்தான்.